கையுறை போட்ட குழந்தை

என் மூத்த மகளுக்கு எங்கள் வீட்டில் பெயர் மைக். ரயில் நிலையத்தில் வண்டி வருகிறது, போகிறது, தாமதமாகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. குரல் தேன் மாதிரி இருக்கிறதாம், கேட்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். தேன் தடவிச் சொன்னாலும் தாமதம் தாமதம்தான்.

இந்த மைக்தான் என் மகனின் குழந்தையைத் தன் வீட்டில் வைத்து வளர்ப்பதாகக் கிளம்பினாள். காரணம், என் மருமகளுக்குக் காது கேட்காது. பிறவியிலேயே அப்படி. குழந்தைக்கு ஒன்றரை வயது, அதற்குப் பாம்புச் செவி. அடுக்களையில் பிஸ்கட் டப்பாவின் மூடியைத் தொட்டால் போதும், அடுத்த அறையிலிருந்து தத்தித் தத்தி வந்து நிற்கும்.

"தாய் பேசறதைக் கேட்டுத்தான்பா பிள்ளை பேசும்," என்றாள் மைக். "இவ பேசறதைக் கேட்டா அது எப்படிப் பேசும்? நாளைக்கு ஸ்கூல்ல எல்லாரும் சிரிப்பாங்க."

"நான் ஒருத்தன் வீட்ல இருக்கேன்ல."

"நீங்க பேசறது பேச்சாப்பா? வாயைத் திறந்தா திட்டு."

"திட்டுலயும் வார்த்தைதானே இருக்கு. கத்துக்கட்டும்."

மருமகள் பேசாதவள் இல்லை. அவளைச் சின்ன வயதில் ஒரு பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். வாயால்தான் பேச வேண்டும் என்பது அங்கே சட்டம். கை அசைந்தால் விரல் முட்டியில் அடிமட்டம் விழும். டீச்சர் தொண்டையில் ஒரு கை, தன் தொண்டையில் ஒரு கை, அதிர்கிறதா இல்லையா என்று தடவிப் பார்த்தே ஒவ்வொரு எழுத்தையும் பிடிக்க வேண்டும். தன் குரலைத் தானே கேட்காதவளுக்கு அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று எப்படித் தெரியும்? கண்ணைக் கட்டிவிட்டு நேர்க்கோடு போடச் சொல்லி, கோணிப்போனால் அடிப்பது போல. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள் என்றும் சொன்னார்களாம். 'அம்மா' என்று சொன்னாலும் 'அப்பா' என்று சொன்னாலும் உதடு ஒரே மாதிரி மூடித் திறக்கிறது. சந்தேகம் இருப்பவர்கள் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பாருங்கள். இது தெரியாதவர்களுக்கு டீச்சர் வேலை. அந்தப் பெண்கள் கையால் பேசிக் கற்றதெல்லாம் கக்கூஸுக்குப் பின்னால் நின்று கற்றது. படிப்பு அங்கேதான் நடந்திருக்கிறது.

அதனால் அவள் குரல் மூக்கு வழியாக, ஒரே மட்டத்தில், மேடு பள்ளம் இல்லாமல் வரும். பழகிய எங்களுக்குப் புரியும். கடைக்காரனுக்குப் புரியாது. பதிலுக்கு அவன் கத்துவான். காது கேட்காதவளிடம் கத்துகிற அறிவாளிகள் உலகத்தில் நிறையப் பேர். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் இன்னும் ஒரு படி மேல். "அடடா, என்னமா பேசுறா" என்று பாராட்டிவிட்டு, என் மகன் பக்கம் திரும்பி, "என்ன சொன்னா?" என்பார்கள்.

அவளும் என் மகனும் தனியாக இருந்தால் கையால்தான் பேசுவார்கள். நான் எதையும் லேசில் நம்புகிறவன் இல்லை. பசிக்குது, தூக்கம் வருது என்பதற்கு மேல் கையால் என்ன சொல்லிவிட முடியும் என்று ஒருநாள் சோதித்துப் பார்த்தேன். பேருந்தில் ஒருவன் தூங்கி வழிந்ததையும், பக்கத்தில் இருந்தவர் தோளில் சாயப்போய் அவருடைய டோப்பாவைக் கழற்றிவிட்டதையும் மகனிடம் சொல்லி, "இதை அவகிட்டக் கையால சொல்லு பார்ப்போம்" என்றேன். அவன் விரல்கள் ஓடின. சிரிக்க வேண்டிய இடத்தில் அவள் சரியாகச் சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி வாயால் கேட்டாள்.

"திருப்பி மாட்டினாரா மாமா?"

அன்றைக்கு நம்பினேன். அது மொழிதான். நான் வேலை பார்த்த ஆணி ஆலையில் இரைச்சலுக்கு நடுவே நாங்களும் கையால் பேசினோம். ஆனால் டீ குடிக்கப் போகலாம், மேஸ்திரி வருகிறான் என்ற இரண்டைத் தவிர எங்களிடம் விஷயம் இல்லை.

மைக் குழந்தையைக் கேட்டபோது என் மகன் மறுக்கவில்லை. அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன், குணமும் லிஃப்ட் குணம்தான். யார் பொத்தானை அழுத்தினாலும் போவான். முதலில் ஒரு வாரம், சரியாக வந்தால் அப்படியே வைத்துக்கொள்வது என்று அக்காவும் தம்பியும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசி முடித்தார்கள். மருமகள் "என்ன?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றான். நான்தான் அவளை என் பக்கம் திருப்பி, வாயை நிதானமாக அசைத்து, "பிள்ளையை வச்சுக்கப் பார்க்கறாங்க" என்றேன். அவள் முகம் வெளுத்தது. ஒரு வாரம்தான், என்மேல் சத்தியம் என்று மகன் கையால் அடித்துச் சொன்னான். வாயால் செய்யும் சத்தியத்தையே நான் நம்புவதில்லை. இது கையால் செய்தது.

வாரம் முடிந்து ஒரு மத்தியானம் மைக்கும் அவள் புருஷனும் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். குழந்தை மாப்பிள்ளையின் தோளில் துவண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அந்த வெயிலில் அதன் இரண்டு கைக்கும் கம்பளி உறை மாட்டி, மணிக்கட்டில் ரிப்பனால் கட்டியிருந்தது.

"என்ன மாப்பிள்ளை இது? குளிருதா?"

"இல்ல மாமா. குழந்தைக்கு ஏதோ கோளாறு," என்றார். அவர் எதையும் கூட்டத்தில் பேசுகிற மாதிரிதான் சொல்வார். "கையால தன்னையே அடிச்சுக்குது. டாக்டர்கிட்டக் காட்டினோம். நரம்பு விஷயமா இருக்கலாம்னு மருந்து குடுத்திருக்கார். அதான் தூங்குது."

"அது ஏன் அடிச்சுக்குது?"

"வலிப்போட ஆரம்பமா இருக்குமோன்னு பயந்துட்டேன்பா," என்றாள் மைக். "இந்த வீட்ல எல்லாரும் கையை ஆட்டிக்கிட்டே இருந்தா குழந்தைக்கு என்ன ஆகும்? நான் சொன்னா நம்ப மாட்டீங்க, பாருங்க."

பையைக் கீழே வைத்துவிட்டு, கூடத்தின் நடுவில் நின்று செய்து காட்டினாள். எதையும் திருத்தமாகச் செய்கிறவள், இதையும் திருத்தமாகவே செய்தாள். மூடிய கையால் உதட்டோரம் தட்டினாள். விரலைக் கன்னத்தில் குத்தினாள். உள்ளங்கையால் நெஞ்சைத் தேய்த்தாள். மறுபடி உதட்டோரம், கன்னம், நெஞ்சு.

"இதேதான், நாள் பூரா. பிடிச்சு நிறுத்தினா வீறிடுது."

மருமகள் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போனாள். ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து மைக்கிடம் நீட்டினாள்.

"எனக்கு வேணாம்," என்றாள் மைக்.

"கேட்டீங்களே அண்ணி," என்றாள் மருமகள், வாயால்.

"நான் எங்க கேட்டேன்?"

மருமகள் டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, மைக் செய்ததையே மெதுவாகச் செய்தாள். கட்டைவிரலை உதட்டோரம் சாய்த்தாள். அது தண்ணீர். கன்னத்தில் விரல் வைத்தாள். அது அம்மா. நெஞ்சைத் தேய்த்தாள். அது வேண்டும். இந்த மூன்றும் எனக்கே தெரியும், தினம் பார்க்கிறேன். குழந்தைக்குக் கட்டைவிரல் தனியாக வளையாது, அதனால் முழுக் கையாலும் தட்டும். வாய்க்கு மழலை இருப்பது போல் கைக்கும் இருக்கிறது. 'தண்ணி'யைத் 'தன்னி' என்கிற குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுகிறவர்கள், இந்த மழலைக்கு மருந்து வாங்கியிருக்கிறார்கள்.

மகன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

மருமகள் குழந்தையை வாங்கிக் கட்டிலில் கிடத்தி, ரிப்பனை அவிழ்த்து உறைகளை உருவினாள். உள்ளே விரல்கள் வேர்வையில் ஊறி வெளுத்திருந்தன. அவற்றைத் தன் முந்தானையால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பிறகு எழுந்து மைக்குக்கு முன்னால் நின்று கையால் பேச ஆரம்பித்தாள். வேகமாக, நிறுத்தாமல், வெகுநேரம். அவள் முகம் இவ்வளவு சொல்லும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"என்னடா சொல்றா?" என்றாள் மைக்.

மகன் தொண்டையைச் செருமினான். "வருத்தமா இருக்காம்க்கா. குழந்தை இங்கயே இருக்கட்டுமாம்."

"டேய்," என்றேன். "அவ கை எவ்வளவு நேரம் ஆடிச்சு? நீ ரெண்டு வார்த்தையில முடிக்கிறே. மிச்சத்தை யாருக்கு எடுத்து வச்சிருக்கே?"

"அப்பா, அக்கா மனசு கஷ்டப்படும்."

"படட்டும். அவளை மறுபடியும் சொல்லச் சொல்லு. ஒண்ணு விடாம நீ வாயால சொல்லு."

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் மறுபடி தொடங்கினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு சொல்லப் பார்த்தான். குனிந்தால் கை தெரியாது, அதனால் நிமிர வேண்டி வந்தது.

"என் கையை அடிமட்டத்தால அடிச்சாங்க. அவங்ககூட எனக்கு உறை மாட்டல... என் பொண்ணு பேச மாட்டான்னு எல்லாரும் சொல்றீங்க. ஒரு வாரமா அவ பேசிக்கிட்டேதான் இருந்திருக்கா. தண்ணி கேட்டா, அம்மாவைக் கேட்டா. நீங்க வாயைக் கட்டித் தூங்க வச்சுட்டீங்க... வாயால பேச அவளுக்கு ஊரே சொல்லித் தரும். என்கிட்டப் பேச நான்தான் சொல்லித் தரணும். இனிமே அவளை ஒரு பொழுதுகூடத் தர மாட்டேன்."

நிறுத்தினான். அவள் கை இன்னும் நிற்கவில்லை.

"அப்புறம்?" என்றேன்.

"அவ்வளவுதான்பா."

"இல்ல."

அவன் காது மடல் சிவந்துவிட்டது. "வேணும்னா... வேணும்னா இந்த ஆளைக் கூட்டிட்டுப் போய் வளர்த்துக்கோங்கன்னு சொல்றா."

மாப்பிள்ளை சட்டைக் காலரைச் சரிசெய்தார். "இருந்தாலும் மாமா, பேச்சுன்னு ஒண்ணு மனுஷனுக்கு..."

"மாப்பிள்ளை, உங்க வீட்டம்மா ஆயிரம் பேருக்கு வண்டி வருதுன்னு சொல்றாங்க. மடியில கிடந்த குழந்தை தண்ணி கேட்டது அவங்களுக்கும் விளங்கல, உங்களுக்கும் விளங்கல. காசு வாங்கின டாக்டருக்கும் விளங்கல. நீங்க பேச்சைப் பத்திப் பேசாதீங்க."

மைக் அழுதாள். அழும்போதும் சுருதி தப்பவில்லை. "எனக்கென்னப்பா தெரியும், இத்தனூண்டு கை பேசும்னு?"

"தெரியாதுல்ல. தாயைக் கேட்டிருக்கலாம். போன்ல இப்ப முகமே தெரியுதே. அவகிட்ட ஒரு தரம் காட்டியிருந்தா சொல்லியிருப்பா. கேட்கணும்னு உங்க யாருக்கும் தோணல."

மைக் மருந்து பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தாள், இதையாவது மறக்காமல் கொடுங்கள் என்று. நான் அதை எடுத்து அவள் பையிலேயே போட்டேன்.

"மாப்பிள்ளைக்குக் குடும்மா. நல்லாத் தூங்கட்டும்."

அவர்கள் படியிறங்கினார்கள். என் மகன் வழியனுப்புகிறவன் போல வாசலைத் தாண்டி நின்றான். அக்காவின் பின்னால் போவதா, திரும்பி வருவதா என்று அவனுக்கே தெரியவில்லை. மருமகள் கதவைப் பாதி சாத்திப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கீழே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம்தான் அவன் உள்ளே வந்தான். அவளும் அதுவரை கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். நானாக இருந்தால் அவ்வளவு நேரம் நின்றிருக்க மாட்டேன்.