பாலாற்றுப் படத்தின் முன்னால்

1

இந்தக் கதை ஒரு நன்றிக் கடிதமாகத்தான் தொடங்கியது. யாருக்கு என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. அதனால் கதையாக மாற்றிக்கொண்டேன். கதைக்கு முகவரி வேண்டியதில்லை.

நடந்தது காஞ்சிபுரத்தில், ஒரு பள்ளிக்கூடத்தில், அறுபத்தொன்பதாம் ஆண்டு தை மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெரிய கூடத்தில் மலர்க் கண்காட்சி. பக்கத்து வகுப்பறைகளில் ஓவியக் கண்காட்சி.

முதல் தொடக்கம்: 'டேலியாக்கள் தட்டுத் தட்டாக

(அடித்துவிட்டேன். டேலியாவை அன்று நான் சரியாகப் பார்க்கவே இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: 'அவன் பெண் பார்க்கப் போனான்.'

இது உண்மை. 'அவன்' மட்டும் பொய். போனது நான்.

2

எனக்குப் பேச வராது. ஊமை இல்லை. யாராவது ஏதாவது கேட்டால் என் பதில் வெளியே வருவதற்குள் அவர் வேறு பேச்சுக்குப் போயிருப்பார். தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த எனக்கு இதனால் நல்ல பெயர். பெண் வீடுகளில்தான் சங்கடம். மாகறலில் ஒரு பெண்ணின் சித்தப்பா நான் தின்று முடிக்கும்வரை பொறுத்திருந்து, என் அக்காவிடம் கேட்டார்:

"ஏம்மா, மாப்ள பஜ்ஜி துன்றதுக்கு மட்டுந்தான் வாயத் தொறப்பாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பெண் வேண்டாம் என்றாள். அதற்கு முந்தியவளும் அப்படியே. இன்னொரு முறை இப்படி உட்கார என்னால் ஆகாது, இதுதான் கடைசி என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

3

அக்கா பெயர் தேவகி. எனக்கும் சேர்த்து அவளே பேசுவாள். கண்காட்சியில் பெண் பார்ப்பது அவள் ஏற்பாடு. பாலாற்றங்கரை ஓரிக்கையிலிருந்து காந்தா என்ற பெண்ணும் அவள் தாய்மாமன் தணிகாசலமும் பூ பார்க்க வருவார்களாம். தாமலிலிருந்து நாங்களும் போவோமாம். ரோஜா மேசைக்குப் பக்கத்தில் தற்செயலாகச் சந்தித்துக்கொள்வோமாம். பிடிக்காவிட்டால் யாருக்கும் தலைகுனிவு இல்லை, பூ பார்த்த கணக்கில் போய்விடும்.

மேசைக்குப் பக்கத்தில் தணிகாசலம் மட்டும் நின்றிருந்தார்.

"பொண்ணு எங்க அண்ணே?"

"படம் பாக்கறேன்னு அந்தாண்ட போச்சும்மா. இன்னும் வர்ல."

அக்கா என் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். "போடா. நீயும் போயி படம் பாரு."

4

அழிக்க மறந்த கணக்கின் மேலேயே, கரும்பலகையில் ஆணியடித்து ஒரு படத்தை மாட்டியிருந்தார்கள். பாலாறு. கரையைத் தொட்டுக்கொண்டு நீலத் தண்ணீர். பார்க்க வந்தவர்கள் அங்கே மட்டும் நின்று சிரித்தார்கள்.

"பாலாத்துல தண்ணியாம்பா! எந்தக் கடையில வாங்கி ஊத்தினாரு?"

"கம்முனு வா. கனா கண்டுக்கினே வரைஞ்சிருப்பாரு."

ஒருத்தி மட்டும் சிரிக்காமல் நின்றிருந்தாள்.

[இங்கே காந்தாவை வர்ணிக்க வேண்டும். 'அவள் கண்கள்' என்று தொடங்கிப் பார்த்தேன். அவள் கண்களை நான் பார்க்கவில்லை. அவள் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நானும் அப்படியே. கையில் செருப்பைப் பிடித்திருந்தாள். வாசலில் விட்டால் திருடு போகும் என்று பயந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் தெரியும்.]

பக்கத்தில் போய் நின்றேன். இரண்டு பேரும் பேசவில்லை. பெண் வீட்டில் இந்த மௌனம் குற்றம். படத்துக்கு முன்னால் அதுதான் மரியாதை. ரசிகன் என்றுகூட நினைப்பார்கள். ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் எனக்கு நாக்கு உலராதது அதுவே முதல் தடவை.

வெகுநேரம் கழித்து, "எங்க ஊரு," என்றாள். "ஒரு தபா இப்பிடித்தான் வந்துச்சு."

தலையசைத்தேன். அதற்குமேல் அவள் எதையும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

5

இதுவரை எழுதியதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா அந்தப் பொண்ணு தானா படத்தாண்ட போயிட்ட மாதிரி எழுதியிருக்கியே?"

"வேற எப்பிடி?"

"மக்கு. ரோஜாவாண்ட ஒரே கூட்டம். எவனாவது எதனா கேப்பான், நீ முழிப்பே. மொத நாளே ஓரிக்கைக்குப் போயி அந்தப் பொண்ணாண்ட சொல்லிட்டேன். என் தம்பி பேசமாட்டான்மா, ஆனா நிப்பான். பேசாம நின்னாலும் தப்பாத் தெரியாத எடமா பாத்து நீயே நின்னுக்கோன்னு."

"அதுக்கு இன்னா சொல்லிச்சு?"

"சிரிச்சுது. 'தொணதொணன்னு பேசினா எனக்கும் தலவலிதான்க்கா'ன்னுச்சு."

இத்தனை வருஷமாகக் கண்காட்சி நடத்தியவர்களுக்கும், பெயர் தெரியாத அந்த ஓவியருக்கும், சில நாட்களில் கடவுளுக்கும் மனத்துக்குள் நன்றி சொல்லிவந்திருக்கிறேன். அதைப் பெற வேண்டியவள் எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சொல்ல வாயெடுத்தேன்.

"கண்ணு எரியுது, அந்தாண்ட போ," என்றாள்.

6

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் கல்யாணம். இது அக்காவுக்குப் பிடிக்கும். மற்றதில் ஜாதகம் சேரவில்லை என்று தணிகாசலம் ஆள் அனுப்புகிறார். இது பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். எது நடந்தது என்று ஊருக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. எனக்கு வேண்டியது அதற்கு முன்பே கிடைத்துவிட்டது.

அன்று, கூடத்திலிருந்து தணிகாசலம் கூப்பிட்டார். "காந்தா! பஸ்ஸுக்கு நேரமாவுது!"

அவள் முதல்முறையாக என் பக்கம் திரும்பினாள்.

"போலாமா?"

எனக்கு நேரம் பிடித்தது. தணிகாசலம் மறுபடி கூப்பிட்டார். அவள் அசையவில்லை, வேறு எதுவும் கேட்கவில்லை, காத்திருந்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம்," என்றேன்.

அவள் படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எங்களை அங்கேயே விட்டுவிடுகிறேன். நீங்கள் இப்போதுதான் உள்ளே வந்து எங்களுக்குப் பின்னால் நிற்கிறீர்கள். படத்தை நாங்கள் மறைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு தடவை இருமினால் போதும், விலகிக்கொள்வோம். உங்களுக்கு அவசரமில்லையென்றால்…