வீணைக்கு மேளம்

அம்மா ராஜாமணி போய் வருஷம் முடியப்போகிறது. தெவசத்தன்று அவளுடைய வீணையிலேயே அவளுக்குப் பிடித்த சகானா ராகத்தை வாசித்துவிட வேண்டும். வெண்மதிக்கு வேறு வேண்டுதல் இல்லை. துருவேறிய கம்பிகளைக் கழற்றிப் புதுத் தந்திகளைத் தானே பூட்டினாள். பிருடையை முறுக்கி மீட்டினால் வெறும் தந்தி சுத்தமாகப் பேசியது. தந்திக்கு அடியிலிருக்கும் பித்தளை மெட்டில் விரல் வைத்ததும் சுரம் வழுக்கியது. கடலூர் வெயிலில் மெழுகு இளகி, அதில் பதிந்திருந்த மெட்டுகள் இடம் பெயர்ந்திருந்தன.

"மாமா, தந்தி போட்டா மட்டும் போதாது. மேளம் கட்டணும். சிதம்பரத்துல ஆளு இருக்காங்களாம்."

மெழுகை உருக்கி மெட்டுகளைச் சுரம் பார்த்து மறுபடி பதிப்பதற்கு வீணைக்காரர்கள் வைத்த பெயர் அது.

சுப்பராயலு மாமாவின் புருவம் ஒருமுறை ஏறி இறங்கியது. மஞ்சக்குப்பத்தில் ஒரு சங்கீத சபைக்குத் தலைவர் அவர். தங்கையின் வீணைக்கு நூறு வயது. அவர் பேச்சில் மேடைக்கு மேடை ஐம்பது கூடும். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை.

"மேளந்தானே? எங்கிட்ட வுடு. ஒசத்தியான ஆளா இட்டாறேன். அன்னிக்குக் காலையிலயே வந்துடுவாங்க."

"அன்னிக்கேவா? நேரம் பத்துமா மாமா?"

"அவுங்களுக்கு இது புதுசா?"

தெவசத்தன்று வாசலில் வேன் நின்றது. நாதஸ்வரமும் இரண்டு தவிலும் இறங்கின.

மாலை போட்ட படத்தைப் பார்த்த நாதஸ்வரக்காரர் கண்ணாயிரம், கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார். "விசேஷ வூடு இல்லீங்களா?"

"வீணைக்கு மேளம்னு இவதான் கேட்டா," என்றார் மாமா.

வெண்மதிக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் அது அழுகையாகிவிட்டது. "மேளம்னா மெட்டு கட்டுறது மாமா."

"தெரியும், தெரியும்." மாமாவின் குரல் அவருக்கே கேட்கவில்லை.

கண்ணாயிரம் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து, வீணையருகே குனிந்து வெறுந் தந்தியை ஒருமுறை சுண்டினார். "என்ன வாசிக்கறதா இருந்தீங்கம்மா?"

"சகானா. அம்மாவுக்குப் புடிக்கும்."

"வெறுந் தந்தி சேருதுல்ல? அப்ப நீங்க சுருதி குடுங்க."

தவில்கள் வேனுக்குத் திரும்பின. வெண்மதி அவருடைய சுருதிக்குப் பிருடையைத் திருகினாள். மெட்டுகளைத் தொடாமல், சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் மாறி மாறி மீட்டினாள். கண்ணாயிரம் ஓசையை அடக்கி ஊதினார். அம்மாவின் சகானா வேறொருவர் மூச்சில் வந்து, அம்மாவின் வீணைமேல் உட்கார்ந்தது.

பக்கத்திலிருந்தவர் காதில் மாமா கிசுகிசுத்தார்: "எரநூறு வருஷத்து வீணை. இதுக்கு மேளம் கட்டுறதுன்னா இதான்..."

முகத்தில் வைத்த துண்டை, வாசிப்பு முடிந்த பிறகும் அவர் எடுக்கவில்லை.