முன்பே இருந்தவர்

அர்த்தநாரியின் இடது சிறுநீரகத்தில் இருக்கும் கல் அர்த்தநாரியைவிட வயதில் மூத்தது என்று காப்பீட்டுக் கம்பெனியின் மெஷின் முடிவு செய்தது. நாமக்கல்லில் யாரும் அதை மறுத்துப் பேசவில்லை. அர்த்தநாரி எப்படி மறுப்பார், அப்படிச் சொன்னதே அவர்தான்.

அவர் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர். எங்கே லோடு கிடக்கிறது, எங்கே லாரி காலியாக நிற்கிறது என்று விசாரித்து இரண்டையும் சேர்த்துவைப்பது தொழில். வலது காதில் லோடுக்காரர், இடது காதில் லாரிக்காரர் என்று இரண்டு போனில் ஒரே நேரத்தில் பேசுவார். கடைசியில் இருவருமே தாங்கள் நினைத்ததுதான் நடந்தது என்ற திருப்தியோடு போனை வைப்பார்கள். தன்னால் பேசிச் சரிக்கட்ட முடியாத ஆள் இன்னும் பிறக்கவில்லை என்பது அர்த்தநாரியின் எண்ணம். முக்கால்வாசி உண்மையும்தான்.

வலியிடம் அந்தப் பேச்சு எடுபடவில்லை. விலாவுக்குக் கீழே பிடித்து அடிவயிறு வரைக்கும் இழுத்தது. ஆபீஸ் மேஜைமேல் குப்புறக் கவிழ்ந்தபடியே ஒரு முட்டை லோடைப் பேசி முடித்து அனுப்பிவிட்டு, அதற்கப்புறம்தான் வாய்விட்டுக் கத்தினார். மனைவி கோகிலவாணி வாழைத்தண்டுச் சாறு பிழிந்து கொடுத்துப் பார்த்தாள். கேட்கவில்லை என்றதும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் ஜெபராணி ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"தண்ணி குடிச்சா தானா வெளிய வர்ற சைஸ் இல்லை. எடுத்துடணும். இன்சூரன்ஸ்ல அப்ரூவல் வந்த உடனே எடுத்துடறேன்," என்றார்.

அப்ரூவல் கொடுப்பது மெஷின். அது போனில் கூப்பிடும், நல்ல தமிழில் மரியாதையாகக் கேட்கும், நாம் பதில் சொல்லி வாயை மூடுவதற்குள் முடிவு செய்துவிடும். அர்த்தநாரிக்கு அதில் ஒரு கவலையும் இல்லை. போனில் பேசுகிற எதுவாக இருந்தாலும் தனக்குச் சொந்தக்காரர் மாதிரிதான் என்று நினைத்தார். கட்டிலில் சுருண்டு படுத்தபடியே போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"வணக்கம் ஐயா," என்றது மெஷின். "கல் எப்போதிலிருந்து இருக்கிறது?"

நாமக்கல்லில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். ஊர் நடுவில் ஒற்றைப் பாறையாக நிமிர்ந்து நிற்கிறதே, தலைமேல் கோட்டையைச் சுமந்துகொண்டு, அதுதான் கல். ஊர்ப்பெயரே அதில்தான் போய் முடிகிறது. வெளியூர் டிரைவர்கள் டீ குடிக்க இறங்கும்போது அண்ணாந்து பார்த்துவிட்டு அர்த்தநாரியிடம் இதையே கேட்பார்கள். அந்த வலியிலும் அவர் முகம் மலர்ந்தது.

"கல்லுங்களா? அது ஆதியில இருந்தே இருக்குதுங்க. எங்க தாத்தனுக்குத் தாத்தன் பொறக்கறதுக்கு முன்னாடியே இருக்குது. கல்லுதான் முதல்ல. நாங்கெல்லாம் அப்புறமா வந்து ஒட்டிக்கிட்டவங்க."

"நீங்கள் அந்தக் கல்லைச் சுற்றி வளர்ந்தவர் என்று எடுத்துக்கொள்ளலாமா?"

"தாராளமா எடுத்துக்குங்க. அதைச் சுத்தியே வளர்ந்தவன்தானுங்க நானு."

"நன்றி ஐயா. கல் முன்பே இருந்தது. முன்பே இருந்தவற்றுக்குக் காப்பீடு கிடையாது."

போன் வைக்கப்பட்டது. கோகிலவாணி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, நீங்க எந்தக் கல்லைச் சொன்னீங்க?"

"நம்ம கல்லைத்தான்."

"அது எந்தக் கல்லைக் கேட்டுச்சு?"

அர்த்தநாரி விலாவைத் தடவிக்கொண்டார். "அதுவும் நம்ம கல்லைத்தான் கேட்டுச்சு," என்றார்.

அன்று முழுக்க வலி ஆட்டிவைத்தது. ஆனால் அர்த்தநாரி மனம் தளரவில்லை. ஒரு லோடு ஒரு லாரியில் ஏறவில்லையென்றால் லாரியை மாற்றிப் பார்ப்பது அவர் வழக்கம். மெஷினைத் தானே கூப்பிட்டார்.

"கல்லு மூத்ததுங்கறதுல எனக்கு மாத்துக் கருத்து இல்லைங்க," என்று நிதானமாக ஆரம்பித்தார். "ஆனா எங்க தொழில்ல ஒரு முறை இருக்குதுங்க. லோடுக்காரர்தான் பார்ட்டி. லாரி சும்மா சுமந்துட்டுப் போறது. மூத்தவர் அவரு. நான் அவரைச் சுமக்கறவன். அப்ப பாலிசி யார் பேர்ல இருக்கோணும், நீங்களே சொல்லுங்க."

லோடுக்காரர்கள் கடைசியில் இறங்கிவருவது மாதிரியே மெஷினும் இறங்கிவந்தது.

"சரியான வாதம் ஐயா. பாலிசிதாரர் கல் என்று திருத்திவிட்டேன். பாலிசிதாரருக்கு என்ன தொந்தரவு?"

"சுத்தியும் நான் இருக்கறதுதானுங்க தொந்தரவு."

"அந்தத் தொந்தரவு எப்போதிலிருந்து?"

"அவருக்கு ரொம்பப் பின்னால வந்ததுங்க."

"பின்னால் வந்தவற்றுக்குக் காப்பீடு உண்டு. கல்லிலிருந்து அர்த்தநாரியை அகற்றும் அறுவை சிகிச்சைக்கு அனுமதி தரப்படுகிறது. பாலிசிதாரர் சீக்கிரம் நலம்பெற வாழ்த்துகள்."

அர்த்தநாரி போனை மார்பின்மேல் வைத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "ஆச்சு," என்றார் மனைவியிடம்.

"உங்களையா எடுக்கறாங்க?"

"யாரை எடுத்தா என்ன கோகிலா, ரெண்டும் பிரியோணும். அவ்வளவுதானே நமக்கு வேண்டியது?"

டாக்டர் ஜெபராணி அனுமதியை வாசித்துவிட்டுத் தலையாட்டினார். ரெண்டும் ஒரே ஆபரேஷன்தான், எந்தப் பக்கம் நின்று செய்கிறோம் என்பதுதான் வித்தியாசம் என்றார். பிறகு மேஜையைச் சுற்றி எதிர்ப்பக்கம் போய் நின்று, விளக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மூத்தது என்று தெரிந்த பிறகு கல்லை யாரும் 'அது' என்று சொல்லவில்லை. "அவருக்கு மயக்க ஊசி ஒத்துக்குமா? அவருக்கு சுகர் இருக்கா?" என்று நர்சுகள் கேட்டார்கள். தெரிந்ததைக் கோகிலவாணி சொன்னாள். பாலிசிதாரரின் மனைவி என்று அவள் பெயர்தான் ஆரம்பத்திலிருந்தே பதிவாகியிருந்தது, அதை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அர்த்தநாரிக்கு நினைவு திரும்பியபோது ஒரு ஸ்டீல் தட்டில் இருந்தார். மணிக்கட்டில் சீட்டுக் கட்டியிருந்தார்கள். வலி துளிகூட இல்லை. உடம்பு இவ்வளவு லேசாக இருந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. தலையைத் திருப்பினார். கட்டிலில் கழுத்துவரை போர்வை போர்த்திக்கொண்டு கல் படுத்திருந்தார். குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது. கோகிலவாணி ஸ்டூலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

"கோகிலா," என்று கூப்பிட்டார்.

அவள் உதட்டில் விரலை வைத்தாள். "மெதுவாங்க. அவரு இப்பத்தான் கண்ணசந்தாரு."

அகற்றிய எதையும் லேபுக்கு அனுப்பிப் பார்த்துவிட வேண்டும் என்பது ஆஸ்பத்திரியின் முறை. அர்த்தநாரியையும் அனுப்பினார்கள். அங்கே அலமாரியில், மூடிபோட்ட பாட்டில்களுக்கு நடுவில் அவரை வைத்தார்கள். பரிசோதனையில் இரண்டு பதில்தான் வரும். தீங்குள்ளது என்று வந்தால் மஞ்சள் பையில் போட்டு எரிக்க அனுப்பிவிடுவார்கள். தீங்கற்றது என்று வந்தால் பிழைத்தார்.

அதுவரைக்கும் அர்த்தநாரிக்குப் பயம் வந்ததில்லை. அங்கே வந்தது. லோடுக்காரரிடம் லாரி கிளம்பிவிட்டது என்றும், லாரிக்காரரிடம் லோடு தயாராக இருக்கிறது என்றும், இரண்டுமே இல்லாதபோது எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். கோகிலவாணியிடம் சினிமாவுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஆபீசிலேயே இருந்துகொண்ட சாயங்காலங்கள் வேறு. அதெல்லாம் மைக்ராஸ்கோப்பில் தெரியுமோ என்னவோ. இங்கே பேசிப் பார்க்கவும் வழியில்லை. லேபில் இருந்த பெண் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு வேலை செய்தாள்.

கடைசியில் அவள் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "தீங்கற்றது," என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். இன்னொரு தடவை சொல்லமாட்டாளா என்று அர்த்தநாரிக்கு இருந்தது. இந்த வயதுவரை அவரைப்பற்றி யாரும் இவ்வளவு உறுதியாக நல்லபடி சொன்னதில்லை.

டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் ஜெபராணி கோகிலவாணியிடம் கேட்டார். "எடுத்ததை வேணும்னா குடுத்து அனுப்பறோம். சில பேர் ஞாபகமா வெச்சுக்குவாங்க. சில பேர் கண்ணுலயே காட்டாதீங்கம்பாங்க. உங்க விருப்பம்."

கோகிலவாணி யோசித்தாள். கொஞ்ச நேரம்தான் யோசித்தாள், ஆனால் தட்டில் இருந்த அர்த்தநாரிக்கு அது ரொம்ப நேரமாகப் பட்டது.

"குடுங்க," என்றாள். "இத்தன வருசம் கூடவே இருந்துச்சு. விட்டுட்டுப் போக மனசு வரலை."

வீட்டில் கல்லைக் கட்டிலில் படுக்கவைத்தாள். அர்த்தநாரியை ஷோகேசில், கபடிக் கோப்பைக்கும் பீங்கான் நாய்க்கும் நடுவில் உட்காரவைத்தாள். பார்க்க வந்தவர்கள் கல்லுக்கு ஆரஞ்சும் ஹார்லிக்சும் கொண்டுவந்தார்கள். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். கோகிலவாணியின் அண்ணன் சின்னுசாமி ராசிபுரத்திலிருந்து வந்தார். ஷோகேசுக்குப் பக்கத்தில் போய் நின்று கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"இவ்வளவு பெருசாவா உள்ள இருந்துச்சு?"

"ஆமாங்கண்ணா."

சின்னுசாமி ஒரு விரலால் அர்த்தநாரியைத் தொட்டுப் பார்த்தார். "வழவழன்னு இருக்குது," என்றார். பிறகு கட்டில் பக்கம் திரும்பி, "மாப்பிள்ளை எப்படித்தான் தாங்குனாரோ," என்று உச்சுக்கொட்டினார்.

உடம்பு தேறியதும் கல் ஆபீசுக்குப் போக ஆரம்பித்தார். இரண்டு பக்கமும் போனை வைத்துவிட்டால் போதும். லோடுக்காரர் பேசுவார், லாரிக்காரர் பேசுவார், கல் இருவர் பேச்சையும் கடைசிவரைக்கும் கேட்டுக்கொள்வார், பதில் சொல்லமாட்டார். கொஞ்ச நேரத்தில் இருவரும் தாங்களாகவே இறங்கிவந்துவிடுவார்கள். ஷோகேசில் இருந்தபடியே அர்த்தநாரி இதையெல்லாம் கேள்விப்பட்டார். அவருக்குப் பொறாமை இல்லை, பெருமையாகத்தான் இருந்தது. அத்தனை வருடம் அவரைச் சுமந்தது தானல்லவா.

ஆனி பிறந்து காற்று மாறியதும் அர்த்தநாரிக்குச் சளி பிடித்தது. ஷோகேசுக்கு நேர் மேலே ஃபேன். தும்மலில் பீங்கான் நாய் நகர்ந்தது. கோகிலவாணி ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இது நாளைக்கு நெஞ்சில் கட்டிக்கொண்டால் என்ன செய்வது. கல்லுக்குப் பாலிசி இருக்கிறது. அகற்றப்பட்டதற்கு எங்கே இருக்கிறது? காலையில் மெஷினைக் கூப்பிட்டாள்.

"இன்னொண்ணையும் பாலிசியில சேர்க்கோணுங்க."

"நல்லது அம்மா. அது எப்போதிலிருந்து இருக்கிறது?"

கோகிலவாணி ஷோகேசைப் பார்த்தாள். அர்த்தநாரிக்கு இந்தக் கேள்வியை இப்போது நன்றாகத் தெரியும். ஊர்ப்பெருமை பேசுகிற ஆசையை விழுங்கிக்கொண்டு, "புதுசுன்னு சொல்லு," என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

"புதுசுங்க. போன மாசந்தான் அவர்கிட்ட இருந்து வெளிய வந்துச்சு."

"வாழ்த்துகள் அம்மா. பாலிசிதாரரிடமிருந்து வெளியே வந்தது குழந்தை. குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே காப்பீடு உண்டு. ஆணா, பெண்ணா?"

"ஆணுங்க."

"பெயர் வைத்தாயிற்றா?"

வைக்கவில்லை. ஆண்பிள்ளை பிறந்தால் வைப்பதற்கென்று கோகிலவாணி கல்யாணமான புதிதிலேயே ஒரு பெயர் யோசித்துவைத்திருந்தாள். அழகான பெயர், யாரிடமும் சொன்னதில்லை. அவர்களுக்குப் பிறந்தது மகள். மகளும் கல்யாணமாகி ஓசூருக்குப் போய்விட்டாள். அந்தப் பெயர் அப்படியே அவளிடம் இருந்தது. இப்போது அது நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஷோகேசில் அர்த்தநாரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்தப் பெயரைச் சொல்லப்போகிறாள் என்று தெரியாமல் அவர் கை, பக்கத்திலிருந்த கோப்பையின் காதைப் பிடித்துக்கொண்டது.

"அர்த்தநாரி," என்றாள் கோகிலவாணி.

"தாத்தா பெயரா?"

"இல்லைங்க. எனக்குப் பழகுன பேரு."

"பதிவு செய்துவிட்டேன் அம்மா. புதன்கிழமை தடுப்பூசி."

புதன்கிழமை கல் ஆபீசுக்குக் கிளம்பிப் போனதும், கோகிலவாணி ஷோகேசைத் திறந்து அர்த்தநாரியை இறக்கினாள். காதை மூடித் தொப்பி கட்டிவிட்டாள். கன்னத்தில் மையால் பொட்டு வைத்தாள். "வாடா கண்ணு," என்று தூக்கிக்கொண்டாள்.

சுகாதார நிலையத்தில் வரிசை நீளமாக இருந்தது. நர்ஸ் எடை போட்டுப் பார்த்து, புள்ளை நல்லா வளர்ந்திருக்குது என்றார். பிறகு ஊசி போட்டார். அர்த்தநாரி கொஞ்ச நேரம் அழுதான். அப்புறம் அவள் தோளிலேயே தூங்கிப்போனான்.