கம்பித் தொப்பியும் ஒரு செவிடும்

இந்தக் காலத்து ஆட்களுக்குக் காது இருப்பதே கம்பி செருகத்தான் என்பது தகரக்காரரின் முடிவு. நடுரோட்டில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு போகிறான் ஒருவன். பின்னால் வண்டிக்காரன் தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்புவதில்லை. அவனை யாரும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போவதில்லை. ஒரு மனுஷன் வயதான காலத்தில், தன் வீட்டில், தன் நாற்காலியில் உட்கார்ந்து, பெண்டாட்டி கூப்பிட்டதற்குத் திரும்பாமல் இருந்துவிட்டால் மட்டும் குடி முழுகிப் போய்விடும்.

அவர் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் ஆயுசு முழுக்கத் தகடு தட்டியவர். அந்தச் சத்தத்தில் காது போய்விட்டது என்றால் எவனும் நம்புவான். நம்பவும் செய்தார்கள். உண்மையில் அவருக்குப் பக்கத்து வீட்டுச் சண்டை கேட்டது, தெருமுனைக் குழாயில் தண்ணீர் வருவது கேட்டது. கேட்காதது ஒரே ஒரு விஷயம்தான்: மச்சினிச்சி.

மனைவியின் தங்கை தனியாளாகிவிட்டாள். அவளைக் கூட்டிவந்து பின்னறையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது மனைவியின் ஆசை. பின்னறையிலோ இவருடைய வெட்டுத் தகடுகள், துருப்பிடித்த டப்பாக்கள், கால் ஒடிந்த மேஜை. அது போதாதென்று, மச்சினிச்சி வாயைத் திறந்தால் பட்டறைச் சம்மட்டியே வெட்கப்பட்டு ஓரமாகப் படுத்துவிடும். அந்தப் பேச்சு கிளம்பிய அன்றைக்கே தகரக்காரருக்குச் செவிடு வந்தது. செவிடனிடம் எப்படிச் சம்மதம் கேட்பது? சம்மதம் இல்லாமல் அவர் சாமானைத் தொடவும் மனைவிக்கு மனசு வரவில்லை. தங்கை அங்கே தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க, இங்கே விஷயம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது.

கடைசியில் மனைவி அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துவந்துவிட்டாள். காது டாக்டர், சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்லிச் சைகை காட்டினார். இவர் கையை மடியைவிட்டு எடுக்கவே இல்லை. அந்த ஆளும் லேசுப்பட்டவரில்லை. காதில் கோளாறு எதுவும் தெரியவில்லை, பேச்சு தலைக்குள் போய்ச் சேருகிறதா என்று பார்த்துவிடலாம் என்று மாடிக்கு அனுப்பிவைத்தார்.

மாடியில் கனத்த கதவு போட்ட சின்ன அறை. சுவரெல்லாம் மெத்தை. அங்கிருந்த பெண் இவர் தலையில் ஒரு துணித் தொப்பியை மாட்டி, அதன் ஓட்டைகளில் பசையைப் பிதுக்கிக் கம்பி கம்பியாகச் செருகினாள். செருகிக்கொண்டே மனைவிக்கு விளக்கம் வேறு. காது சத்தத்தை வாங்கிக் கொடுப்பதோடு சரியாம். அந்தச் சத்தத்தை எழுத்தெழுத்தாகப் பிரிப்பது, அது என்ன சொல் என்று தேடுவது, அதற்கு என்ன பொருள் என்று பார்ப்பது எல்லாம் தலையின் வேலையாம். தலை அதோடு நிற்காதாம். அடுத்து என்ன சொல் வரும் என்று வாசலிலேயே காத்திருக்குமாம். எதிர்பார்த்தது வராமல் வேறு ஏதாவது வந்து நின்றால் ஒரு கணம் தடுக்கிக்கொள்ளுமாம். நிறைய வாக்கியம் போட்டுச் சேர்த்துப் பார்த்தால், அந்தத் தடுக்கல் திரையில் ஓடும் கோட்டில் பள்ளமாகத் தெரியுமாம்.

“மூஞ்சியைக் கல்லு மாதிரி வெச்சுக்கலாம்மா. தலைக்குள்ள நடக்குறதை அப்படி வெச்சுக்க முடியாது. பேச்சு உள்ளயே போகலைன்னா பள்ளமே விழாது.”

எதிர்த்துக் கேட்கத் தகரக்காரருக்கு நாக்கு துறுதுறுத்தது. யார் வீட்டுத் தலையை யார் அளப்பது? ஆனால் செவிடன் கேள்வி கேட்கலாமா? சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையை முறைத்துப் பார்த்தபடி வாயை மூடிக்கொண்டார்.

ஒலிபெருக்கியில் எவனோ பேசினான். தச்சர் ஆணியை அடித்தார். சரி. தம்பி கதவைத் திறந்தான். சரி. அம்மா தண்ணீரைக் கடித்தாள். எவடா அவ என்று உள்ளே ஒரு குரல் கிளம்பியது. அதை அமுக்கிவிட்டு, பழைய லாரிக் கூண்டு ஒன்றை மனசுக்குள் ஆணி ஆணியாகக் கழற்றத் தொடங்கினார். அவன் விடவில்லை. தையல்காரர் மேகத்துக்குப் பொத்தான் வைத்தார் என்றான். கூண்டு கைநழுவி விழுந்தது.

அப்புறம் அந்தப் பெண், பழகின குரலுக்கு எப்படி என்று பார்க்கலாமே என்று மனைவியிடம் அதேமாதிரி வாக்கியங்களைக் கொடுத்து வாசிக்க உட்காரவைத்தாள். மனைவி பஸ் நிலையத்தில் அறிவிப்புச் சொல்பவள்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லாவற்றையும் வாசித்து முடித்தாள்.

கணக்குப் போட்டுத் திரையைக் காட்டியபோது, இருவரும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். எல்லாம் கேட்கிறது, எல்லாம் புரிகிறது என்றாள் அந்தப் பெண். ஒலிபெருக்கிக் குரலுக்கு விழுந்தது சின்னப் பள்ளம்.

“உங்க குரலுக்குப் பாருங்கம்மா, கிணறே வெட்டியிருக்கு. எல்லாருக்கும் இப்படின்னு சொல்ல முடியாது. ஐயா உங்க பேச்சை அவ்வளவு உன்னிப்பா கேக்குறாரு.”

மனைவி கத்துவாள் என்றுதான் தகரக்காரர் தோளைக் குறுக்கிக் காத்திருந்தார். அவளோ அந்தப் பள்ளத்தை, புதிதாக எடுத்த நகையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்படியா கேட்டிருக்காரு?” என்றாள் மெதுவாக.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இந்தக் குழைவுதான் பொறுக்கவில்லை. “பொய். மெஷின் பொய் சொல்லுது,” என்றார்.

தான் வாயைத் திறந்துவிட்டது அவருக்கே அப்புறம்தான் உறைத்தது.

“வாயசைவைப் பாத்துச் சொன்னேன்.”

“நாங்க உங்க முதுகுப் பக்கம் நிக்கிறோம்,” என்றாள் மனைவி.

தொப்பியைக் கழற்றியதும், பசை அப்பிய முடியோடு விறுவிறுவென்று இறங்கித் தெருவுக்கு வந்துவிட்டார். பின்னால் மனைவி போனில் தங்கையிடம் பேசிக்கொண்டே வந்தாள்.

“பெட்டியைக் கட்டுடி. உன் அத்தானுக்கு எல்லாம் கேக்குது. இனிமே நேராவே கேட்டுடலாம். மாட்டேன்னா வாயால சொல்லட்டும்.”

சொல்லலாம்தான். சொன்னால் கேட்டது என்றாகிவிடும். தகரக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார்.

போனை வைத்துவிட்டு, மனைவி குரலை உயர்த்தாமல், காற்றிடம் சொல்வதுபோலச் சொன்னாள்: “பின்னறைத் தகரத்தையெல்லாம் நாளைக்கு வெளிய எடுத்து, நல்லா துடைச்சு, வெயில்ல வெச்சு... குடிச்சிடலாம்னு இருக்கேன்.”

அவர் கால் ஓர் அடி பிசகியது. பின்னால் அவள் சிரிப்பது தெளிவாகக் கேட்டது.

ரோடு சரியில்லை என்று தகரக்காரர் தமக்குள் சொல்லிக்கொண்டார். ரோடு போட்டவனும் அந்த மெஷினைச் செய்தவனும் ஒரே கும்பலாகத்தான் இருக்க வேண்டும். தலையைத் தடவி, விரலில் ஒட்டிய பசையை வேட்டியில் துடைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டினார்.