பழைய பாவும் புது டிரைவரும்

டமார் என்று தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்ததும் பிள்ளையார்பாளையம் முழுக்கத் தறிச் சத்தம் ஒரு நொடி நின்றது. கைத்தறிக்குக் கரண்ட் எதற்கு, பயத்தில்தான் நின்றது. அடுத்த நொடி ஒவ்வொரு வீடாக மறுபடி தொடங்கிவிட்டது. தொடங்காதது ஒன்றே ஒன்று: நெசவாளர் சங்கத்து மாடியில், டிசைன் அறையில் இருந்த சங்கரியின் கம்ப்யூட்டர்.

கரண்ட் திரும்பியதும் அதுவும் எழுந்துகொண்டது. ஆனால் அதன் முதுகில் செருகியிருந்த நெட்வொர்க் கார்டிலிருந்து கருகல் நாற்றம் வந்தது. அந்தக் கார்டிலிருந்து கிளம்பும் நீல வயர், சுவரைத் துளைத்துக்கொண்டு அட்டை வெட்டும் மெஷினுக்குப் போகிறது. சங்கரி திரையில் கட்டம் கட்டமாக வரைகிற டிசைன் அந்த வயர் வழியே போய் அட்டையில் துளைகளாக விழும். துளை போட்ட அட்டையைத் தறிமேல் மாட்டினால்தான் புடவை பார்டரில் ருத்திராட்சக் கொட்டை டிசைன் உருளும். பிளாப்பியில் எடுத்துப் போகலாமே என்றால், மெஷின் பக்கத்துக் கம்ப்யூட்டரில் பிளாப்பி டிரைவ் போன ஆடியிலேயே செத்துப்போயிற்று. செகரட்டரி மாற்றித் தரவில்லை.

செகரட்டரி திருஞானசம்பந்தம் சங்கரிக்குப் பெரியப்பா முறை. முறைதான் பெரியப்பா, பார்வை பங்காளிப் பார்வை. ஆனி மாதப் பொதுக்குழுவில், அவர் வெளியிலிருந்து வாங்கி வந்த டிசைன் சங்கத்தின் பழைய புடவையிலிருந்து காப்பியடித்தது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள் சங்கரி. விற்றவன் சின்ன காஞ்சிபுரத்து ஸுதர்சன். கம்ப்யூட்டர் கடையும் சொந்தமாக ஒரு டிசைன் சென்டரும் வைத்திருப்பவன். அன்றிலிருந்து பெரியப்பா அவளைப் பார்த்துச் சிரித்ததில்லை.

இன்று மாடிப்படி ஏறி வந்தவர் வாசலிலேயே நின்றார்.

"இன்னாமா, புகைஞ்சிடுச்சா?"

"கார்டு மட்டும்தான் பெரியப்பா. புதுசு போட்டா சரியாயிடும்."

"ஆபீசுல பெரியப்பா கிடையாது." மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "தீபாவளி டிசைனுக்குத் தறியெல்லாம் காத்துக்கினு இருக்குது. சாயங்காலம் ஆபீஸ் மூடறதுக்குள்ள அட்டை வெட்டியாவணும். இல்லன்னா இந்த ரூமை மூடிட்டு வேலைய வெளிய குடுத்துடுவேன்."

"வெளியன்னா யார்கிட்ட?"

"அது உனக்கு எதுக்கு?"

யாரிடம் என்று அவளுக்குத் தெரியாதா. அந்த அறை போனால் அவளுக்கு வேறு இடமில்லை. டிப்ளமோவைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டு, அண்ணன் தறிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்டர் நூல் ஓடும் நாடாக்கட்டையைத் தள்ள வேண்டியதுதான். மூன்று வருஷம் தள்ளியிருக்கிறாள். அண்ணியின் வாயையும் மூன்று வருஷம் கேட்டிருக்கிறாள்.

புதுக் கார்டை ஸுதர்சனே கொண்டுவந்தான். கார்டு விற்கிற வேறு கடை ஊரில் இல்லை. செருகி, திருகாணியை முடுக்கி, கையைத் தட்டிக்கொண்டான்.

"ஆச்சு. டிரைவர் போட்டுக்கறது உங்க பாடு."

"நீங்கதான சார் விண்டோசுக்குப் பதிலா இனாமா கெடைக்கற லினக்ஸ் போட்டுக் குடுத்தீங்க?"

"போட்டது நான், போடச் சொன்னது உங்க கமிட்டி. காப்பி அடிச்ச விண்டோஸ் வெச்சிருந்தா போலீஸ் பிடிச்சுண்டு போயிடும்னு பயம். காசு குடுத்து வாங்கவும் மனசு வரலை. தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கலாமா?"

"இந்தக் கார்டுக்கு லினக்ஸ்ல டிரைவர் இருக்குதா, இல்லையா?"

"நெட்ல தேடுங்கோ."

"நெட்வொர்க்கே இல்லாம நெட்ல எப்படி சார் தேடறது?"

"எது காப்பி, எது ஒரிஜினல்னு பொதுக்குழுவில கண்டுபிடிச்சேளே. இதையும் கண்டுபிடிங்கோ." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான்.

பக்கத்து அறையிலிருந்து ஜெயம்மாள் எட்டிப் பார்த்தாள். அட்டை மெஷின் அவள் பொறுப்பு. வேலை இல்லாத நாளில் அவளுக்கு வாய்க்குத்தான் வேலை.

"இன்னாமா சொல்றான் அவன்?"

"டிரைவர் இல்லையாம்க்கா. கார்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல நிக்கற தரகன் மாதிரி. அவன் இல்லாம ரெண்டும் பேசாது."

"டிரைவர் இல்லன்னா கண்டக்டர வெச்சி ஓட்டு. என் வூட்டுக்காரர் தறியும் உன் அட்டைக்குத்தான் காத்துக்கினு இருக்குது. வேல தெரியாதவளுக்கு எதுக்குமா ஏசி ரூமு?"

ஏசி என்று அவள் சொன்னது ஒரு மேஜை விசிறி. சங்கரி செருப்பை மாட்டினாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சாமுவேலின் பிரவுசிங் சென்டர். கல்லூரிப் பையன்கள் வரிசையில் நின்றார்கள். அவர்கள் முறைப்பை முதுகில் வாங்கிக்கொண்டு, கார்டின் மேல் பொறித்திருந்த எண்ணைத் தட்டித் தேடினாள். டிரைவர் கிடைத்தது. பிளாப்பியில் ஏற்றிக்கொண்டு ஓடி வந்து திறந்து பார்த்தால், அது தயாராக வந்த டிரைவர் இல்லை. வெறும் நூல், புரோகிராம் வரிகளாக. நெய்துகொள்ள வேண்டியது நாம்தான். கூடவே எப்படிச் செய்வது என்று ஒரு குறிப்பு. அதை வரிவரியாகப் படித்தாள்.

குறிப்பில் சொன்னபடி 'மேக்' என்று அடித்தாள். நெய்வதற்கான கம்பைலரே இல்லை என்றது கம்ப்யூட்டர். அது லினக்ஸோடு வந்த மூன்றாவது சிடியில் இருக்கிறது, சிடி பெரியப்பாவின் பீரோவில் இருக்கிறது, பெரியப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் எதிரில் நின்றாள். அவர் ரசம் ஊற்றிக்கொண்டார். மோர் ஊற்றிக்கொண்டார். கை கழுவி, வெற்றிலை மடித்து வாயில் போட்ட பிறகுதான் சாவிக்கொத்து இடுப்பிலிருந்து வந்தது.

"இன்னும் ஆவலையா?" என்றார். குரலில் கவலை இல்லை.

கம்பைலர் ஏறியது. மறுபடி 'மேக்'. இந்தத் தடவை திரையில் எழுத்துகள் சரசரவென்று ஓடி, புது டிரைவர் பிறந்தது. சங்கரி அதை ஏற்றினாள்.

அப்படி ஒரு சாதனமே இல்லை என்று வந்தது.

இல்லையா? பின்னால் கார்டின் பச்சை விளக்கு இவளைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டிருந்தது. மறுபடி ஏற்றினாள். இல்லை. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாள். இல்லை. கார்டைக் கழற்றி வேறு துவாரத்தில் செருகினாள். எத்தனை தடவை கேட்டாலும் வீட்டுக்குள் ஆளை வைத்துக்கொண்டே ஆள் இல்லை என்று சொல்லி அனுப்புகிற வீடு மாதிரி, இல்லை, இல்லை, இல்லை.

"இன்னாதான் சொல்லுது அது?" ஜெயம்மாள் வந்து முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"கார்டே இல்லங்குது."

"கண்ணு தெரியாத பொட்டிய வெச்சிக்கினு கஷ்டப்படற. பேசாம கார்டு வித்த அந்த ஐயங்கார் பையன் கால்ல விழு."

சங்கரி மறுபடி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள்.

"திரும்பவுமா?" என்றான் சாமுவேல். "இங்க இன்ஜினீயரிங் பசங்க நிக்கறாங்கமா. அர மணிக்கு மேல குடுக்க முடியாது."

லினக்ஸ்காரர்கள் கூடும் ஒரு சாட் ரூமில் நுழைந்து, தெரிந்த ஆங்கிலத்தில் நடந்ததை எழுதினாள். எந்த நாட்டுக்காரர்களோ, வரிசையாகப் பதில் விழுந்தது. ஒருவன் சிரித்தான். ஒருவன், பெண்பிள்ளை பெயர் வைத்துக்கொண்டு ஏமாற்றுகிறாயா என்றான். இன்னொருவன், குறிப்பைப் படிக்கத் தெரியாதவர்கள் ஏன் இந்தப் பக்கம் வருகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

படிக்கத் தெரியாதவளா? சங்கரிக்கு ரத்தம் கொதித்தது. படித்தாள்தான். ஒரு வரி விடாமல் படித்தாள். திரும்பும் வழியெல்லாம் அந்தக் குறிப்பை மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டே நடந்தவள், மூன்றாவது வரியில் நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

'புதிய டிரைவரை ஏற்றுமுன் பழையதை நீக்கிவிடவும்.'

படித்திருந்தாள். படித்துவிட்டு, வேண்டுமென்றேதான் தாண்டிப் போயிருந்தாள்.

தறியில் பாவு, நெடுக்காக ஓடும் நூல், தீரும்போது பழைய பாவை யாரும் உருவி எடுப்பதில்லை. அச்சுச் சீப்பின் பற்களில் கோத்த பழைய இழைகளின் நுனியை அப்படியே விட்டு, புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாக அதோடு சேர்த்துத் திரிப்பார்கள். இழுத்தால் பழையது வழிகாட்ட, புதியது பின்னாலேயே நுழைந்து வந்துவிடும். பழையதை உருவிவிட்டால் போச்சு. ஆயிரக்கணக்கான இழைகளை முதலிலிருந்து கோக்க வேண்டும். சின்ன வயசில் சங்கரி ஒருமுறை விளையாட்டாக நாலு இழையை உருவிவிட்டு, அப்பாவிடம் வாங்கிய அடி இன்னும் முதுகில் இருக்கிறது. அந்த முதுகுதான் இன்று மூன்றாவது வரியைத் தாண்டச் சொன்னது. பழைய டிரைவர் இருக்கட்டும், அதைப் பிடித்துக்கொண்டு புதியது வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

அறைக்கு வந்து, எந்தெந்த டிரைவர் உள்ளே இருக்கிறது என்று பட்டியலைக் கேட்டாள். பழையது சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. லினக்ஸ் தானாகவே கொண்டுவந்து வைத்தது. இந்தக் கார்டை ஓட்ட அதற்குத் தெரியாது. பிடித்ததை விடவும் மாட்டேன் என்கிறது. கார்டு அதன் கைக்குள் இருக்கும்போது புதியவனுக்கு எது கிடைக்கும்?

நீக்கும் கட்டளையை அடித்தாள். என்டர் தட்ட வேண்டியதுதான் பாக்கி. விரல் போகவில்லை. இதையும் உருவிவிட்டு, புதியதும் ஏறாமல் போனால்?

"மணி ஆவுது" என்றாள் ஜெயம்மாள், மெஷின் பக்கத்திலிருந்து. "கீழ கணக்குப்பிள்ளை ஜன்னலெல்லாம் சாத்தறாரு."

"தெரியுதுக்கா. வாய மூடிக்கினு இரு கொஞ்ச நேரம்."

ஜெயம்மாள் நிஜமாகவே வாயை மூடிக்கொண்டாள். சங்கரி அப்படிப் பேசி அவள் கேட்டதில்லை.

என்டர். திரை ஒன்றும் சொல்லவில்லை. பட்டியலில் பழையது காணோம். புது டிரைவரை ஏற்றினாள். அதற்கும் திரை ஒன்றும் சொல்லவில்லை. திட்டாமல் இருப்பதுதான் லினக்ஸின் பாராட்டு என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வயர் வழியே மெஷின் பக்கத்துக் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் வந்தது. மறுபடி வந்தது. நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.

டிசைனை அனுப்பினாள். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஒரு முறை இருமி, பிறகு தடதடவென்று வெட்ட ஆரம்பித்தது.

"வெட்டுதுமா" என்றாள் ஜெயம்மாள். குரலில் இருந்தது ஆச்சரியமா ஏமாற்றமா என்று தெரியவில்லை. "ருத்திராட்சம் சரியாத்தான் விழுது."

சங்கரி முகத்தைக்கூடக் கழுவவில்லை. படியில் இரண்டிரண்டாக இறங்கி செகரட்டரி அறைக்குள் போனாள். திருஞானசம்பந்தம் குடையைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றிருந்தார். மாடியில் ஓடும் மெஷின் சத்தம் அந்த அறைக்குள்ளும் தெளிவாகக் கேட்டது.

"ஆயிடுச்சி" என்றாள், மூச்சு வாங்க. "ஆபீஸ் மூடறதுக்குள்ளன்னு சொன்னீங்க. அட்டை வெட்டிக்கினு இருக்குது. ரூமு என்துதான?"

அவர் மேலே பார்த்தார். குடையை மறுபடி மேஜைமேல் வைத்துவிட்டு, காலையிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"நீ முடிப்பேன்னு நான் நெனக்கவே இல்ல சங்கரி, கார்டு புகையறதுக்கு முன்னாடி, நேத்து சாயங்காலமே, அந்த ரூமு வேலைய ஸுதர்சனுக்குப் பேசி முடிச்சி கையடிச்சிட்டேன்."