அசனத்து ஆடு கேட்ட பிரசங்கம்

என் வீட்டுக்காரர் தெலுங்கு தேசத்து மெட்டுகூடாவில் இருக்கும் தமிழ்ச் சபைக்கு ஐயராக வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் கணக்கில் நான் ஐயரம்மா. பட்டம் மட்டும்தான், பொறுமை கூடவே வரவில்லை.

சபையில் பாதிப் பேர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்கள். ஆயுசு முழுக்க இரும்புச் சத்தத்தில் இருந்ததால் அவர்கள் ரகசியம் பேசினாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும். என் வீட்டுக்காரருக்கோ குரலே கிடையாது. மைக்கைக் கொடுத்தால் அதற்கு வலிக்குமோ என்பதுபோலப் பேசுவார். செக்ரட்டரி தேவஇரக்கம் முதல் பெஞ்சில் காதோரம் கையைக் குவித்து உட்கார்ந்திருப்பார். பிரசங்கம் நல்ல இடத்துக்கு வரும்போது பார்த்து, "ஐயா, கேக்கல" என்பார். ஒரு ஞாயிறு தப்பியதில்லை. பாட்டுப் புத்தகத்தால் அவர் மண்டையில் ஒன்று போடலாம்போல இருக்கும். ஐயரம்மா ஆயிற்றே, பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இந்த வருடம் அறுப்பின் பண்டிகை அசனம் முடிந்ததும் கமிட்டி கூடும், இவரையே வைத்துக்கொள்வதா, சத்தமாகப் பேசுகிற வேறு ஐயரைக் கேட்பதா என்று பேராயருக்கு எழுதும் என்று ஏற்கனவே சொல்லிவிட்டார்கள். எனக்கு இந்த ஊரை விட்டுப் போக மனசே இல்லை. காய்கறிக்காரியோடு சண்டை போட்டே அரைகுறைத் தெலுங்கு கற்றுவைத்திருக்கிறேன், அதை எடுத்துக்கொண்டு வேறு எங்கே போவது?

அசனம் என்றால் சபையார் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. ஆட்டுக்கறிக் குழம்பு இல்லாத அசனத்தை எங்கள் ஆட்கள் அசனம் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆடு செக்ரட்டரியின் காணிக்கை. நல்ல கொழுத்த செம்மறிக் கிடா. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கறிக்கடை சலீம் பாய் வந்து வெட்டுவார், சாயங்காலம் பந்தி என்று ஏற்பாடு. அதுவரைக்கும் எங்கள் வீட்டுக் கொல்லையில் கட்டிப்போட்டுவிட்டார்கள்.

அதுதான் அவர்கள் செய்த தப்பு. என் வீட்டுக்காரர் பிரசங்கத்தைக் கொல்லையில் நடந்துகொண்டேதான் மனப்பாடம் செய்வார். அந்த வாரம் நல்ல மேய்ப்பன் பிரசங்கம். நம்மூரில் மேய்ப்பன் கம்போடு பின்னால் நின்று விரட்டுவான், ஆண்டவர் பிறந்த நாட்டில் அவன் குரல் கொடுத்துக்கொண்டே முன்னால் போவான், ஆடு அந்தக் குரலைத் தெரிந்துகொண்டு பின்னால் வரும் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். கிடா என் கறிவேப்பிலைச் செடியை மென்றுகொண்டே முழுசும் கேட்டது. கட்டிக்கொண்ட நானே அவர் பிரசங்கத்தை அவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை. பாதியில் குக்கர் விசில் அடித்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பி வழிந்தது. தொண்ணூற்றொன்பது ஆட்டை விட்டுவிட்டுக் காணாமல்போன ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பன் கதைக்கு இவர் வந்து சேர்ந்தார். செக்ரட்டரி காதில் கை வைத்தார். அந்த நேரம் பார்த்து, வாசலில் கயிற்றை இழுத்துக்கொண்டு கிடா ஓடியது. அதன் பின்னால் சலீம் பாய் ஓடினார். கயிறு மாற்றிக் கட்டும்போது கை நழுவிவிட்டதாம்.

என் வீட்டுக்காரர் வாசலைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். வேதத்தை மூடிவைத்துவிட்டு, வெள்ளை அங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடினார்.

எனக்கு வந்த சிரிப்பில் மூச்சு முட்டியது. தொண்ணூற்றொன்பதும் அங்கேயே உட்கார்ந்திருந்ததா என்றால் இல்லை. பட்டுச்சேலை, பாடகர் குழு, காணிக்கைப் பையைக் கையில் பிடித்தவர் எல்லோரும் அவர் பின்னால் ரோட்டுக்கு ஓடினோம். கிடா மெட்ரோ தூணுக்கு அடியில், ரோட்டு நடுவில் வளர்த்திருந்த செடிகளுக்குள் ஏறி நின்று மேய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டன. ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. ஓர் ஆட்டோக்காரர் இறங்கி வந்து, கைக்கு இவ்வளவு கூட்டம், கல்யாணமா என்று என்னிடம் கேட்டார். கைக்கு என்றால் இந்த ஊர் உருதுவில் ஏன். ஹவ், ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

செக்ரட்டரி ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டு, ஒர்க்‌ஷாப் குரலில் "ஏய்" என்று ஒரு அதட்டு அதட்டினார். கிடா மிரண்டு ஒரு பஸ்ஸின் முன் சக்கரத்துக்கு அடியிலேயே போய்விட்டது. அத்தோடு என் சிரிப்பு நின்றது.

என் வீட்டுக்காரர் கையைத் தூக்கி எல்லோரையும் நிற்கச் சொன்னார். ஆட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கோயிலைப் பார்த்து மெதுவாக நடந்தார். நடந்துகொண்டே விட்ட இடத்திலிருந்து பிரசங்கத்தைச் சொன்னார். அதே பூனைக் குரல். கிடா தலையைத் தூக்கியது. சக்கரத்துக்கு அடியிலிருந்து விலகி வந்தது. பிறகு, கொல்லையில் வருகிற மாதிரியே, அவர் அங்கியை முகர்ந்துகொண்டு பின்னாலேயே நடந்தது. டிரைவர்கள்கூட ஹாரனை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அதன் பின்னால் நாங்கள் போனோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. இவர் என் வீட்டுக்காரர் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல வேண்டும்போல இருந்தது.

கோயில் கேட் வந்தது. உள்ளே வேப்பமரத்தடியில் சலீம் பாயின் வெட்டுக்கட்டையும் கத்தியும் தயாராக இருந்தன. இவர் அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். கிடா அவர் காலில் தலையைச் சாய்த்தது.

"என் குரலை நம்பி இது வந்திருக்கு. நான் இதை எங்க கூட்டிட்டு வந்திருக்கேன்?" என்றார்.

அவர் கயிற்றைக் கையில் எடுத்தார். "இதை வெட்ட நான் சம்மதிக்க மாட்டேன்" என்றார்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். செக்ரட்டரியின் காணிக்கையை, அசனத்து ஆட்டை, கமிட்டி கூடுகிற நாளில் வேண்டாம் என்கிறார். மனசுக்குள் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டேன். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், கல்யாணத்தன்றுகூட அவர்மேல் எனக்கு அவ்வளவு ஆசை வந்ததில்லை.

சலீம் பாய்தான் முதலில் அசைந்தார். "நக்கோ, வேண்டாம் ஐயர் சாப், என்னாலயும் முடியாது" என்று கத்தியைத் துணியில் சுற்றினார்.

எல்லோரும் செக்ரட்டரியைப் பார்த்தோம். அவர் குச்சியோடு கேட்டுக்கு வெளியே, கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தார். பக்கத்தில் நின்ற பாடகர் குழுத் தலைவர், ஐயா சொன்னதைத் திருப்பிச் சொல்ல அவர் காதருகே குனிந்தார். செக்ரட்டரி அவரைத் தள்ளிவிட்டார். குச்சியைச் சாக்கடையில் போட்டுவிட்டு முன்னால் வந்தார். அவர் கை காதுக்குப் போகவே இல்லை.

"கேட்டுச்சு ஐயா," என்றார்.

அன்று சாயங்காலம் சபை முழுவதும் கத்தரிக்காய் சாம்பார்தான் சாப்பிட்டது. உப்பு கொஞ்சம் கூடிவிட்டது. சமைத்தவள் நான், கண்ணை அவர்மேல் வைத்துக்கொண்டு போட்டேன். கமிட்டி கூடிக் கலைந்தது, எங்கள் பெட்டி இன்னும் பரண்மேல்தான் இருக்கிறது. கறிவேப்பிலைச் செடிதான் போய்விட்டது.