விபத்தே நடக்காத மையம்

எரிசக்தித் துறையின் எதிர்காலத் தலைவர்களை உருவாக்கும் மையம் ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. எலக்ட்ரீஷியன் என்ற சொல் மைய முதல்வரின் வாயில் வந்ததே இல்லை. வகுப்பில் பதினோரு தலைவர்கள். மூத்தவளை எல்லோரும் அக்கா என்றார்கள். நூல் ஆலை மூடியதில் வேலை போனவள். கணவருக்கு முதுகு போய்ப் படுத்த படுக்கை. மின்நிலையத்தில் ஆள் எடுக்கிறார்கள். நாற்பது வயது நிறைந்தவர்களை மட்டும் எடுப்பதில்லை.

ஆறு மாதமும் ஒரே பேனலில்தான் பாடம். பிரேக்கரை இறக்கு, பூட்டைப் போடு, டெஸ்டரை வை, விளக்கு எரியாது, "கரண்ட் இல்லை" என்று உரக்கச் சொல், பிறகு கை வை. அக்காவுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். அந்தப் பேனலுக்குத்தான் கரண்ட் கொடுத்ததே இல்லை.

"ஒரு நாளாச்சும் கரண்ட் குடுங்க சார்" என்று அவள் கேட்டுப் பார்த்தாள்.

"குடுத்து, யாருக்காவது ஷாக் அடிச்சா? விபத்தே நடக்காத மையம்மா இது. விருதெல்லாம் வாங்கியிருக்கோம்."

விருதைக் கொடுத்தது யார் என்று விருதில் போடவில்லை.

மின்நிலையத்தில் செய்முறைத் தேர்வு நடந்த அன்று அக்காவுக்கு நாற்பது நிறைய இருபத்திரண்டு நாள் மிச்சம். பிரேக்கரை இறக்கிப் பூட்டினாள். மேசையில் இருந்த டெஸ்டரை எடுத்துப் பேனலில் வைத்தாள். விளக்கு எரியவில்லை. "கரண்ட் இல்லை" என்று கணீரென்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள்.

"கையை எடும்மா!"

தேர்வாளர் பாய்ந்து வந்தார்.

"பின்பக்கமா இன்னொரு லைன் வருது, பார்க்கலையா? இந்த டெஸ்டர்ல பேட்டரியே கிடையாது, நான்தான் கழட்டினேன். கரண்ட் இருக்கற இடத்துல முதல்ல வெச்சு, எரியுதான்னு பார்த்துட்டுதானே இங்க வரணும்?"

"எரிஞ்சு நான் பார்த்ததே இல்லைங்க."

அவர் சிரித்திருந்தால்கூடத் தேவலை.

"உங்க மையத்துக்காரங்க பத்துப் பேரும் இதையேதாம்மா செஞ்சாங்க. அடுத்த தேர்வு நாலு மாசம் கழிச்சு." விண்ணப்பத்தில் பிறந்த தேதியைப் பார்த்தார். "வயசு விஷயம் என் கையில இல்லம்மா."

மையத்தில் முதல்வர் புதிய பேனருக்கு வாசகம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பயிற்சி முடித்தவர்கள் நூறு சதவீதம்னு போடு. பாஸ்னு போடாதே, பொய் சொல்லக் கூடாது." அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாம்மா! நாற்பதைத் தாண்டினவங்களுக்குன்னே ஒரு கோர்ஸ் ஆரம்பிக்கறோம்."

"அதை முடிச்சா யார் சார் வேலைக்கு எடுப்பாங்க?"

"முதல்ல முடிம்மா."

ஃபெயில் என்று போய்ச் சொல்வதைவிட, புது வகுப்பில் சேர்ந்துவிட்டேன் என்று கணவரிடம் சொல்வது சுலபமாகத் தோன்றியது. விண்ணப்பத்தை வாங்கினாள். வயது என்ற இடத்தில் முப்பத்தொன்பது என்று எழுதினாள்.

"அடுத்த மாசம்தானே வகுப்பு," என்றார் முதல்வர், எட்டிப் பார்த்து. "நாற்பதுன்னே போட்டுரும்மா."

அடித்துவிட்டு நாற்பது என்று எழுதினாள்.